எல்சி வால்டர் எழுதிய கதை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வால்டர் சிறுகதை எழுதுகிறவன் என்பது கல்மண்டபம் பேட்டையில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அவன் பெண்டாட்டி எல்சி. கூட வேலை செய்பவர்களுக்குத் தெரிந்தால் "இன்னா புலவரே" என்று கூப்பிட்டே ஆயுசைக் குறைத்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். அதனால் அந்தக் காலத்து எழுத்தாளர்கள் பலர் செய்ததை அவனும் செய்தான். பெண்டாட்டி பேரைப் புனைபெயராக வைத்துக்கொண்டான். பெண் எழுதியது என்றால் பத்திரிகை ஆசிரியர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு படிப்பார்கள் என்ற நப்பாசையும் இருந்தது.

அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு வாரப் பத்திரிகை அவன் கதையைப் போட்டது. மாமியாரிடம் படாத பாடு படும் ரெஜினா என்ற மருமகள் அடுப்படியில் யாருக்கும் தெரியாமல் அழுகிறாள். கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்புகிறாள். கதைக்கு மேலே கொட்டை எழுத்தில் 'எல்சி வால்டர்' என்றும், முடிவில் 'கல்மண்டபம், ராயபுரம்' என்றும் அச்சாகியிருந்தது. பேட்டை பேரும் வந்தால் பெருமையாக இருக்குமே என்று அவனே எழுதி அனுப்பியதுதான். சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்டரும் எல்சியும் சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ரிக்‌ஷா நின்றது. எல்சியின் அப்பா இன்னாசி இறங்கி வந்தார். எண்ணூரில் கட்டுமரம் வைத்து மீன் பிடிக்கிறவர். காரணமில்லாமல் கரையை விட்டு நகரமாட்டார்.

"எல்சி, பெட்டியக் கட்டு. ரிச்சா நின்னுகினு கீது."

"இன்னா நைனா, இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? உன் கதைய சலூன்காரன் படிச்சிட்டு ஊர் பூரா சொல்லிகினு கீறான். பெத்தவன்கிட்ட சொல்லாம பத்திரிகைக்காரன்கிட்ட போயி அழுதுக்கீறியே, இந்த வூட்ல அவ்ளோ பேஜாராவா கீது?"

அடுப்படியிலிருந்து வால்டரின் அம்மா இருதயம்மாள் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"பத்திரிகையில இன்னா சம்பந்தி போட்டுக்கீது?"

"எல்லாம் உன் லட்சணந்தான்."

இனி மறைப்பதற்கில்லை. "மாமா, அத எழுதினது நானு. எல்சி பேர வச்சி எழுதுனேன்" என்று வால்டர் உண்மையை உடைத்தான். இன்னாசி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ கிரேன் ஓட்றவன். அடுப்படில பொம்பள அழுவுறது உனக்கு இன்னா மாப்ள தெரியும்? உங்கம்மாவக் காப்பாத்த உதார் வுடாத."

"மெய்யாலுமே அவருதான் நைனா எழுதுனாரு" என்றாள் எல்சி.

"புருசன வுட்டுக்குடுக்காத பொண்ணாத்தான் வளத்துக்கீறேன். கெளம்பு."

எல்சி அதற்கு மேல் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாள். வால்டரைக் குத்தியது மாமனாரின் சத்தம் அல்ல, அந்த மௌனம்தான். பெட்டி ஒருதரம் வாசல் தாண்டிவிட்டால் போச்சு. தெருவே வேடிக்கை பார்க்கும், பங்குச் சாமியார் பஞ்சாயத்துக்கு வருவார், திரும்பி வர மாதக்கணக்காகும். அதையெல்லாம் கூடத் தாங்கிக்கொள்வான். அவளுக்கே போகவேண்டும் என்று இருக்குமோ என்று தோன்றியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இருதயம்மாள் கரண்டியைக் கீழே போட்டாள். "கொண்டாடா அந்தப் பத்திரிகைய. படி. நான் இன்னா கொடுமை பண்ணேன்னு நானும் கேட்டுக்கறேன்."

சொந்த அம்மாவுக்கு முன்னால் நின்று மாமியார் கொடுமைக் கதை படிக்கும் கதி எந்த எழுத்தாளனுக்கும் வரக்கூடாது. வால்டர் படித்தான். மாமியார் பேசும் இடங்களில் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சத்தமாப் படி" என்றாள் இருதயம்மாள். அழுகிற இடம் வந்தது. எழுதும்போது அவனே மூக்கைச் சிந்திய இடம் அது.

"'அன்று வீட்டுக்குச் சுறா வந்திருந்தது. ரெஜினா அதன் செதில்களைச் சுரண்டினாள். செதில்கள் தெறித்து அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. கண்ணீர்...'"

"நிறுத்து" என்றார் இன்னாசி. "இன்னா மீனு?"

"சுறா, மாமா."

"எதச் சொரண்டுனா?"

"செதில..."

முதலில் சிரித்தது இருதயம்மாள். அவ்வளவு கோபத்திலும் அடக்கமாட்டாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்ற மீனைப்போல் சுறாவுக்குச் சுரண்டச் செதில் ஏது? மணல் ஒட்டினாற்போல் தோல்தான் உண்டு. வெந்நீரில் போட்டுத் தேய்த்து எடுப்பார்கள். ஆனால் வால்டருக்கும் மீனுக்கும் தட்டில் வந்த பிறகுதான் பழக்கம்.

இன்னாசி மகளைப் பார்த்தார். "நீ படிச்சியா இத?"

"அச்சுல வந்தப்பால படிச்சேன் நைனா. சொன்னா அவரு மொகம் வாடிப்பூடும். அதான் வுட்டுட்டேன்."

"சத்தியமா இத எம் பொண்ணு எழுதல" என்று இன்னாசி தொடையில் தட்டினார். "மீன் புடிக்கிறவன் பொண்ணு கண்ணக் கட்டி வுட்டாக்கூட இப்டி எழுதாது. மாப்ள, நீதான்யா எழுதிக்கீற! வேற எவனுக்கு வரும் இந்த அறிவு?"

தன் கதையை இப்படிக் கிழித்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம்போல வால்டருக்கு இருந்தது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ரிக்‌ஷா காலியாகத் திரும்பிப் போனது. இன்னாசி மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டார். அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே இருதயம்மாள் மகனிடம், "எழுதறதுதான் எழுதற, மாமியாரக் கொஞ்சம் நல்லவளா எழுதினா கை வலிக்குமா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் வால்டர் மாமனாரை எண்ணூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினான். எல்லாம் தீர்ந்தும் ஒரு முள் மட்டும் அவனுக்குள் கிடந்தது. எல்சி கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றான்.

"நைனா கூப்ட்டப்போ நீ தலையக் குனிஞ்சிக்கினியே. போவணும்னு இருந்திச்சா?"

எல்சி கையிலிருந்த சட்டையை உதறி மடித்தாள்.

"கல்யாணம் ஆன புதுசுல அடுப்படில நான் அப்டித்தான் அழுதேன். யாரும் பாக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன். உன் கதையப் படிச்சப்போதான் நீ பாத்துக்கீறன்னு தெரிஞ்சிச்சி. அப்பால நான் இன்னாத்துக்குப் போவணும்?"