ஆறு மணி நேரமா, பதினாலா?

அக்காவின் கட்டிலில் தொங்கிய தாளில், காலை ஐந்து மணிக்கு ஊசி போட்டதாகவும் அடுத்தது பதினாலு மணி நேரம் கழித்து என்றும் இருந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றுதான் நேற்று டாக்டர் சொல்லியிருந்தார். தாளில் இருந்த நேரம் கணினி நிரல் ஒன்று கணக்கிட்டது. ரத்தத்தில் மருந்து எப்போது குறையும் என்று கணக்கிடும் அந்த நிரலை, புரோலாக் என்ற கணினி மொழியில் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தவளே தங்கைதான்.

மடிக்கணினியைத் திறந்து, log(10), அதாவது பத்தின் மடக்கை, என்ன என்று புரோலாக்கிடம் கேட்டாள். 2.302585 என்று வந்தது. டாக்டர் தந்த சூத்திரம் பத்தை அடியாகக் கொண்ட மடக்கைக்கானது. அதனால்தான் அதில் 2.303 என்ற பெருக்கல் இருந்தது. புரோலாக்கின் log இயல் மடக்கையையே தரும். அதை அவள் மறுபடியும் 2.303-ஆல் பெருக்கியிருந்தாள்; ஆறு மணி நேரம் பதினாலாகிவிட்டது.

"ஏன்டி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள் அக்கா.

தங்கை நர்ஸிடம் ஓடினாள். "சிஸ்டர், கம்ப்யூட்டர் சொல்ற நேரம் தப்பு! எத்தனை பேருக்கு இதுல பாத்தீங்க?"

"இன்னிக்குத்தான் ஆரம்பிச்சோம். ஏழு பேரு."

மணி பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. நர்ஸ் டாக்டரை அழைத்தாள். ஏழு தாள்களையும் கையாலேயே திருத்தினார்கள். ஒருவருக்கு மட்டும் நேரம் கடந்து காய்ச்சல் ஏறியிருந்தது. அவருக்குத்தான் முதல் ஊசி; அடுத்தது அக்காவுக்கு. அவர் காய்ச்சல் இறங்கும்வரை தங்கை உட்காரவில்லை.

பிறகு அக்காவின் கையைப் பற்றிக்கொண்டு, "தப்பு என்னோடதுதான்க்கா" என்றாள்.

"சரிடி, கைய விடு. ஊசி போட்ட இடம் வலிக்குது."