ஒரு படி குறைந்த கரை

தெல்மியின் கண் சும்மா இருக்காது. பேருந்தில் ஏறினால் ஜன்னல் திரையில் உள்ள பூவை எண்ணும். சாவு வீட்டுக்குப் போனால் பெட்டிமேல் போர்த்திய துணியின் கரையை எண்ணும். அவளுடைய ஊரில் குறுக்குத் தையல் போடும் பெண்கள் எல்லோருமே இந்த ரகம்தான். ஒரு கரையைப் பார்த்துவிட்டால் மேலே எத்தனை, பக்கத்தில் எத்தனை என்று கண் தானாகக் கணக்குப் போட்டுவிடும். வாய் அதே நேரத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்தக் கண்ணால்தான் அவளுக்குத் திருடி என்ற பெயர் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஊர்த் திருவிழாவின் ஆட்டத்துக்குப் புதிதாகத் தைத்த வெள்ளை அங்கியில் போய் நின்றாள். எதிரே அவள் கொமாத்ரே, அதாவது அவள் மகளின் ஞானத்தாய், எவேலியா நின்றாள். இரண்டு அங்கிகளிலும் ஒரே கரை. படிப்படியாக ஏறி, உச்சியில் கொக்கிபோலச் சுருண்டு, மறுபக்கம் இறங்குகிற கரை. இடது பக்கத்தில் ஒரு படி குறைவாக இருந்தது. அந்தக் குறைகூட இரண்டிலும் ஒன்றுபோல இருந்தது. எவேலியா ஆட்ட மேடையிலேயே, ஊர் முழுக்கக் கேட்க, "சுவருக்கு மேல எட்டிப் பாத்து எண்ணிட்டீங்க" என்று சொல்லிவிட்டாள். இருவர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவுக் கல்சுவர்தான்.

அடுத்தவள் கரையைப் போடுவது அங்கே தப்பே இல்லை. "எண்ணிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். கேட்டால் யாரும் மாட்டேன் என்பதில்லை. கேட்காமல் எண்ணினால்தான் வம்பு. கோழியைத் திருடியவளுக்குக்கூட மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது. தெல்மி மாதா மேல் ஆணையிட்டுச் சொன்னாள், தன் மனசிலிருந்து எடுத்துப் போட்ட கரை என்று. எவேலியாவும் அதே மாதா மேல் அதே ஆணையை இட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

இத்தனை நாள் நின்றது போதாதா என்றால், இப்போது தெல்மியின் மகள் சுலேமிக்குக் கல்யாணம் வந்துவிட்டது. சுலேமி கைக்குழந்தையாக இருந்தபோது, ஊர்ச் சடங்குப்படி அவளை முதன்முதலில் இடுப்பில் தூக்கி வைத்து, கையில் ஊசியைக் கொடுத்து, மேசையைச் சுற்றி நடந்தவள் எவேலியா. சின்ன வயதில் 'வாடி, போடி' என்று திரிந்த இரண்டு பேரும் அந்த நாளிலிருந்துதான் கொமாத்ரே ஆனார்கள். ஒருவரை ஒருவர் 'நீங்க' என்று அழைத்தார்கள். இடுப்பில் வைத்தவள்தான் கல்யாணத்தன்று பெண்ணை உடுத்திவிட வேண்டும். ஞானத்தாய் வராமல் நான் வாசலைத் தாண்டமாட்டேன் என்று சுலேமி சொல்லிவிட்டாள். ஆள் விட்டுக் கேட்டதற்கு, முழங்கால் வலி, நடக்க முடியாது என்று எவேலியா பதில் அனுப்பியிருந்தாள். பக்கத்து வீட்டுக்கு நடக்க முடியாத முழங்கால்.

அந்த முழங்கால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றுலா வேனில் ஏறி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் தெல்மிக்கு வயிறு எரிந்தது.

சுற்றுலா, தையல் சங்கத் தலைவி பெர்த்தாவின் ஏற்பாடு. வருடக்கணக்காக வெளிநாட்டுக்காரர்கள் சங்கத்துக்கு வந்து, தைப்பதைப் படம் பிடித்து, ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள். காலையில் இடிபாடு, மதியம் கைத்தொழில், சாயங்காலம் குளியல் என்று வழிகாட்டி சொல்வதை இவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதில் கைத்தொழில் என்பது இவர்களேதான். மற்ற இரண்டும் எப்படி இருக்கும் என்று ஒருத்திக்கும் தெரியாது. நாமும் ஒருநாள் போய்ப் பார்த்துவிடுவோம் என்றாள் பெர்த்தா. தங்களையே போய்ப் பார்க்க முடியாது என்பதால், கைத்தொழிலுக்குத் திக்குல் ஊரின் மண்பாண்டக்காரர்களைப் பிடித்தாள்.

இடிபாடு இருப்பது உஷ்மாலில்; அங்கே ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் இல்லை. பெண்கள் உள்ளே போனதும் முதலில் நிழல் எங்கே என்று தேடினார்கள். பெரிய கோபுரத்தின் படிகளைப் பார்த்து, இதை யார் பெருக்கியிருப்பார்கள் பாவம் என்றாள் ஒருத்தி. தெல்மி கூட்டத்தோடு வளைவு வாசலைக் கடந்து, நாலு பக்கமும் மாளிகை சூழ்ந்த முற்றத்துக்கு வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

சுவர் முழுக்கக் குறுக்குத் தையல். துணியில் நூலால் போடுவதைக் கல்லில் போட்டிருந்தார்கள். எக்ஸ் எக்ஸாக வெட்டிய கற்கள் வரிசை வரிசையாக ஓட, அவற்றின் நடுவே படிப்படியாக ஏறி, உச்சியில் கொக்கிபோலச் சுருண்டு கிடந்தது அவளுடைய கரை.

அவள் கரைதான். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா? கண் எண்ண ஆரம்பித்தது. வலது பக்கம் சரியாக வந்தது. இடது பக்கம் எண்ணியபோது ஒரு படி கூடுதலாக இருந்தது. மறுபடி எண்ணினாள். அடுத்த கொக்கியை எண்ணினாள். எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் சமம்.

இது என்ன கூத்து என்று யோசித்தாள். இந்தச் சுவரைப் பார்த்துத் தைத்திருந்தால் படி குறைந்திருக்காது. அவள் இங்கே வந்ததும் கிடையாது. எவேலியாவும் வந்ததில்லை, அவள் மெரிதா நகரத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை என்பது ஊருக்கே தெரியும். அப்படியானால் கல்லில் சரியாக இருப்பது, இரண்டு பெண்களின் துணியில் ஒரே இடத்தில் எப்படிக் குறைந்தது? ஒருத்தி தப்பு விட்டு மற்றவள் அதைத் திருடினாள் என்றால், முதல் ஒருத்திக்கு இது எங்கிருந்து வந்தது? தெல்மிக்குக் கோபம்கூட மறந்துபோனது. தலைக்குள் ஈ புகுந்ததுபோல அந்தக் கேள்விதான் சுற்றியது.

எவேலியா என்ன செய்கிறாள் என்று பார்த்தாள். அவள் முற்றத்தின் நடுவே வெயிலில், ஒரு உடும்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பாதிரியாரின் அங்கியைக்கூட விடாமல் எண்ணுகிறவள், இவ்வளவு பெரிய தையலை விட்டுவிட்டு உடும்பைப் பார்க்கிறாளே என்று தெல்மிக்கு அது ஒரு ஆச்சரியம்.

சோள ரொட்டியும் பூசணி விதைத் துவையலும் வேனிலேயே சாப்பிட்டார்கள். திக்குலில் எவேலியா இறங்கவில்லை. முழங்கால் வலி இங்கே திரும்பி வந்துவிட்டது.

மண்பாண்டக் கூடத்தின் சொந்தக்காரி பிலார் வாயாடி. களிமண்ணை எப்படிச் சலிக்கிறோம், எதற்கு மூன்று நாள் நிழலில் காயவைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போனாள். தையல்காரிகள் வாடிக்கையாளர் வேஷத்தில் தலையாட்டினார்கள்; தங்களிடம் வருகிறவர்கள் கேட்கும் அசட்டுக் கேள்விகளை எல்லாம் வேண்டுமென்றே கேட்டு, இடுப்பில் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். தெல்மி மட்டும் பின்சுவர் ஓரம் அடுக்கியிருந்த பூந்தொட்டிகளிடம் போனாள். தொட்டியின் வயிற்றில், முன்பக்கம் மட்டும் ஒரு கரை ஓடியது. படி ஏறி, கொக்கி சுருண்டு, படி இறங்கி. எண்ணினாள். இடது பக்கம் ஒரு படி குறைவு.

இது ஏன் இப்படி இருக்கிறது என்று பிலாரிடம் கேட்டாள்.

"அதுவா? அச்சு உடைஞ்சுபோச்சு. எனக்கும் என் மாமியாருக்கும் ஒருநாள் சண்டை. அந்தம்மா கைக்குக் கிடைச்சதைத் தூக்கி அடிச்சாங்க, அச்சோட ஒரு ஓரம் பேந்துருச்சு. புது அச்சு செய்ய யாருக்கு நேரம்? வாங்கறவங்க யாரும் எண்ணிப் பாக்கறதில்ல."

யார் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, முக்கால்வாசி கோயில்கள்தான், பீடத்துக்கு முன்னால் பூ வைக்க ஜோடி ஜோடியாக வாங்கிப் போவார்கள் என்றாள். சுற்றுப்பக்கத்து ஊர்களின் பெயர்களை அடுக்கினாள். தெல்மியின் ஊரும் அதில் வந்தது.

தெல்மி பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பீடத்தின் காலடியில், பெண்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே, அல்லிப்பூ நிறைந்த தொட்டி இரண்டு. பாதிரியாரின் பிரசங்கமோ சோளம் விதைத்து அறுத்துவிடலாம், அவ்வளவு நீளம். அந்தப் பெஞ்சில் வாராவாரம் அவளும் எவேலியாவும் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள். வாய் செபம் சொல்ல, நான்கு கண்களும் ஒரே தொட்டியை எண்ணியிருக்கின்றன. எண்ணியது மனசில் ஊறிக் கிடந்து, தையல் போட உட்கார்ந்தபோது சொந்தச் சரக்குபோல வெளியே வந்திருக்கிறது. திருடியும் இல்லை, திருட்டுக் கொடுத்தவளும் இல்லை. பிரசங்கம் கேட்காத இரண்டு பேர்தான். தெல்மி சிரித்த சிரிப்பில் கூடத்து நாய் எழுந்து போனது.

ஒரு தொட்டியை விலைகொடுத்து வாங்கினாள். இதை எல்லார் முன்னாலும் எவேலியாவின் மூக்குக்கு நேராக நீட்டப்போகிறேன் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே, சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

குளியலுக்கு ஏற்பாடான குகைக் குளத்துக்கு மரப்படி வழியே இறங்க வேண்டும். மேலே பாறை இடிந்த ஓட்டை வழியாக வெளிச்சம் விழ, தண்ணீர் அடிவரை தெரிந்தது. பெண்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. உள்பாவாடைக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்கள். பாவாடைகள் தண்ணீரில் உப்பிக் குடைபோல விரிய, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். எவேலியா கயிற்றின் கடைசியில், ஒதுங்கி இருந்தாள். தெல்மி அவளுக்குப் பக்கத்துப் பாறையில் தொட்டியை வைத்து, சால்வையை விலக்கினாள். பிறகு தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தாள்.

எவேலியா தொட்டியைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஈஸ்டர் சமயம் பீடத்துக்குப் பூ வைக்க என் முறை வந்துச்சு. தொட்டியைத் துடைக்கும்போது கண்ணு எண்ணிருச்சு. எனக்குக் கை கால் ஓடல. ரெண்டு தொட்டியையும் திருப்பி, கரையில்லாத பக்கம் வெளிய தெரியற மாதிரி வச்சது நான்தான்."

ஈஸ்டரிலிருந்து இன்றுவரை. தெல்மிக்குக் காது சுட்டது. அத்தனை மாதமும் தெரிந்துகொண்டே, கல்சுவருக்கு அந்தப் பக்கம் இவள் துணி காயப்போட்டிருக்கிறாள். என் பெண் அழுவது அந்தச் சுவர் தாண்டிக் கேட்டிருக்குமே என்று நினைத்தபோது அவளுக்குக் கோபத்தில் அழுகை வந்தது.

"எம் பொண்ணு என்ன பண்ணா உங்களுக்கு? அவளைப் பாக்கக்கூடவா வர முடியல?"

"எந்த மூஞ்சியோட வர்றது? ஊரே கேக்கச் சொன்னேன். கல்யாண வீட்டுல ஊரே இருக்கும். அங்க வந்து நின்னா அதைத் திருப்பி எடுத்தாகணும். அதுக்குப் பயந்துதான் முழங்காலைச் சொன்னேன்."

இரண்டு வருடமாக இந்த வார்த்தைக்காகத்தான் தெல்மி காத்திருந்தாள். அது வந்தபோது, கயிற்றைப் பிடித்த எவேலியாவின் கைதான் அவள் கண்ணில் பட்டது, சுலேமிக்கு ஊசி கொடுத்த கை. அந்தக் கைமேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

எவேலியா மூச்சை இழுத்தாள். "இங்க கேளுங்க எல்லாரும்" என்று குரலை உயர்த்தினாள். குகை அதை வாங்கி நாலு பக்கமும் அடித்தது. கயிற்றில் தொங்கியவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "தெல்மி என் கரையை எண்ணல. ரெண்டு பேரும் கோயில் பூந்தொட்டியைப் பாத்து எண்ணியிருக்கோம். நான் சொன்னது பொய். தெரிஞ்ச பிறகும் தொட்டியைத் திருப்பி வச்சு மறைச்சேன்."

பெர்த்தா, ஆரஞ்சுச் சட்டை கழுத்தை முட்ட, கடும் கோபத்தோடு பேசினாள்.

"திருப்பி வச்சது நீயா? பாவி, நான் அதைப் பாதி எண்ணி வச்சிருந்தேன். அங்கி பாதியில கிடக்கு."

கயிற்றின் நடுவிலிருந்து இன்னொருத்தி, தானும்தான் என்றாள். மற்றொருத்தி, கொக்கி வரை வந்துவிட்டதாகச் சொன்னாள். ஆக, அந்த ஊரில் பிரசங்கம் கேட்டவர் பாதிரியார் ஒருவர்தான் போலிருக்கிறது. சிரிப்பில் கயிறு ஆடி இரண்டு பேர் தண்ணீர் குடித்தார்கள். எவேலியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், முகம் முழுக்க ஈரமாக இருந்ததால் தெல்மியைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

அழுகை அடங்கியதும், சுலேமியின் கல்யாண அங்கி தைத்தாகிவிட்டதா என்று மெதுவாகக் கேட்டாள். தெல்மி ஆகிவிட்டது என்றாள். அளவு சரியாக இருக்கிறதா, பெண் இளைத்திருக்கிறாளா, சதை போட்டிருக்கிறாளா என்று எவேலியா அடுக்கினாள்.

"உங்களுக்குத்தான் தெரியணும். இடுப்புல தூக்கினவங்க நீங்க."

இருட்டும் நேரத்தில் வேன் ஊருக்குள் வந்தது. எவேலியாவின் வீட்டு வாசலில் டிரைவர் வண்டியை நிறுத்தினான். அவள் ஈரத் தலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாசலில் இறங்கிக்கொள்கிறேன் என்றாள்.