தண்ணீர் தொடாத டைவர்

ஜொகூர் மாநிலத்து மாசாய் ஊரின் பொது நீச்சல் குளத்தில் சுகுமாறன் கால் வைத்தால் தண்ணீர் விலகிக்கொள்ளும். பந்தியில் இன்னொருவருக்கு இடம்விட்டு நகர்கிற மாதிரி, கோபமில்லாமல் நாலு பக்கமும் ஒதுங்கிவிடும். அவன் நடுவில் காய்ந்த தரையில் நிற்பான். வீட்டுக் குளியலறையிலும் இதே கதைதான். தலையில் ஊற்றிய தண்ணீர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி விழும். பவுடரை அப்பிக்கொண்டு வேலைக்குப் போகிறான் என்று பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், தெரு முழுக்கச் சொன்னாள். குடிக்கிற தண்ணீர் மட்டும் போனால் போகிறதென்று தொண்டைக்குள் இறங்கியது.

இது அதே தெருக் காளிதாஸ் செத்த மறுநாள் தொடங்கியது. அதற்கு முன்பே தெருவில் சுகுமாறனுக்கு ‘டைவர்’ என்று பெயர். தொழிற்சாலை ஆட்களோடு மெர்சிங் பக்கத்துத் தீவுக்குச் சுற்றுலா போனவன் கடலுக்கடியில் முங்கத் தெரியும் என்று சான்று சொல்லும் ஸ்கூபா அட்டையோடு திரும்பினான். முதலில் நீந்திக் காட்ட வேண்டும் என்பது விதி. அன்றைக்கு நல்ல மழை. நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றான், விட்டுவிட்டார்கள். காற்றடைத்த சட்டையைப் போட்டுவிட்டால் அம்மிக்கல்லும் மிதக்கும், இவன் மிதந்ததில் அதிசயமில்லை. அட்டையைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். அப்புறம் தெருவில் யார் தண்ணீர்ப் பக்கம் பிக்னிக் போனாலும், கோழிக்கறிச் சட்டியோடு அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிதவைச் சட்டை வாங்குகிற எண்ணமே யாருக்கும் வரவில்லை.

அப்படிப் போன ஒரு பிக்னிக்கில், பழைய கல்குவாரிக் குளத்தில் தூண்டில் சிக்கியபோது, “டைவர் இருக்காருல்ல,” என்று சிரித்துக்கொண்டே காளிதாஸ் இறங்கினான். பாறை வழுக்கி ஆழத்துக்குப் போனவன் சுகுமாறனைப் பார்த்துத்தான் கையை ஆட்டினான். சுகுமாறன் இடுப்பளவுத் தண்ணீர் வரை போனான். அதற்கு மேல் கால் வரவில்லை. நீரோட்டம் இழுத்துவிட்டது என்று போலீஸிடம் சொன்னான். குவாரிக் குளத்தில் ஏது நீரோட்டம் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. தெரு அதைத் தன் வீடுகளுக்குள் வைத்துக் கேட்டுக்கொண்டது. மீட்புப் படையினர் கலங்கல் நீரில் பாறை இடுக்கெல்லாம் தேடிவிட்டுப் போய்விட்டார்கள். உடல் கிடைக்காததால் காளிதாஸின் மனைவி யோகேஸ்வரி தாலியைக் கழற்றவில்லை, கருமாதியும் செய்யவில்லை. கோயிலில் பெண்கள் சாமியைப் பார்த்த நேரத்தைவிட அவள் பொட்டைப் பார்த்த நேரம் அதிகம். அவள் வாசல் வந்தால் சுகுமாறன் மோட்டார் சைக்கிளை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனான்.

நீச்சலை ஒழுங்காகக் கற்று, தானே முங்கிக் காளிதாஸை எடுத்துவருவது என்று முடிவு செய்து, இர்ஃபான் என்கிற பயிற்சியாளரிடம் சேர்ந்தான்.

“அண்ணே, நீச்சல் நான் சொல்லித் தருவேன். தண்ணிய உங்ககூட ராசியாக்குறது என் வேலை இல்ல லா,” என்றான் இர்ஃபான். ஆனாலும் சொல்லித் தந்தான். சுகுமாறன் பெஞ்சில் குப்புறப் படுத்துக் கால் உதைத்தான். மூச்சடக்கினான். மூழ்குகிறவனை மோவாயைப் பிடித்து இழுத்துவருவதை ரப்பர் பொம்மையை வைத்துப் பழகினான். இரண்டு வருஷத்தில், காய்ந்த தரையில் நீந்துவதில் ஜொகூரில் அவனை மிஞ்ச ஆளில்லை. தெரு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

கேள்விப்பட்டு யோகேஸ்வரி ஒருநாள் வந்தாள். சுற்றிலும் தண்ணீர் சுவராக நிற்க, நடுவில் அவன் காற்றைத் துழாவுவதைக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“தண்ணிதான் வழி விடுதே. நீச்சல் எதுக்குண்ணே? நடந்து போயி அவர கூட்டிட்டு வாங்க.”

நீந்தத் தெரியும் என்று சொன்ன பொய்யை மெய்யாக்குகிற மும்முரத்தில் காளிதாஸையே மறந்துவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை ஜப்பான் ரப்பர் செருப்போடு குவாரிக் குளத்துக்குள் நடந்தான். மீன்கள் தண்ணீர்ச் சுவருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. அடியில் ஒரு பாறை இடுக்கில், தூண்டில் கம்போடு காளிதாஸ் போன அன்றைக்கு இருந்தபடியே சாய்ந்திருந்தான். சுகுமாறன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தான். காளிதாஸின் உடம்பிலிருந்து வடிந்த நீர்கூடச் சுகுமாறன் தோளைத் தொடாமல் வளைந்துபோய்த் தரையில் விழுந்தது. கரையில் நின்ற யோகேஸ்வரி கணவன் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள்.

கருமாதி முடிந்த அன்று, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவன் அவளிடம் போய், “அந்த அட்டை இருக்கே, யோகேஸ்…” என்று தொடங்கினான்.

“தெரியும்ணே. சொல்லிட்டா உங்களுக்கு லேசாயிரும்,” என்றாள் அவள். “வேணாம். வச்சுக்குங்க.”

வைத்துக்கொண்டான். இப்போது குவாரியிலோ ஆற்றிலோ யாராவது மூழ்கிப் போய்விட்டால் மீட்புப் படையினர் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். காரில் கொண்டுபோய் விடுவது யோகேஸ்வரி. விதவையும் கல்யாணமாகாதவனும் ஒரே காரில் போவதைத் தெரு இரண்டு வாரம் பேசிப் பார்த்தது. அவர்கள் வழியில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை என்று தெரிந்ததும் அலுத்துவிட்டது. கரை வந்ததும் அவன் இறங்கித் தண்ணீருக்குள் நடப்பான். அவள் பின்சீட்டில் துண்டை விரித்துவைத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் காத்திருப்பாள். துண்டு அவனுக்கு இல்லை.