வாசலைத் தாண்டாத பெட்டி

புனைபெயரில் இணையத்தில் தொடர்கதை எழுத ஆரம்பித்து இரண்டு வருடமாகப் போகிறது. நாயகி முப்பதாம் அத்தியாயத்திலேயே பெட்டியோடு கணவன் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். அவள் போகும் அன்றே நானும் போய்விடுவதென்று என் பெட்டியையும் அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்.

வாசகிகள் விட்டால்தானே! "அக்கா, அவளை அனுப்பிடாதீங்க, அவன் திருந்திடுவான்" என்று கெஞ்சித் தீர்த்தார்கள். லைக்குக்கு ஆசைப்பட்டு நானும் இழுத்தேன். இப்போது தொண்ணூறாவது அத்தியாயம். ஒவ்வொரு வாரமும் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறாள், வெட்கங்கெட்டவள்.

இன்று காலை என் கணவர் சோபாவில் சாய்ந்து போனில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். எழுதுவது நான் என்று அவருக்குத் தெரியாது.

"இந்த வாரமும் அவ போகல. குடும்பத்துப் பொண்ணுன்னா இவதான்," என்றார். "பாத்துக் கத்துக்கோ."