கடைசித் தாள்

"அந்தக் கடைசித் தாளைக் கொடுங்கப்பா."

ஸ்வர்ணலதா கேட்டதும் வெங்கிடாசலத்தின் கை மைதாப் பசைக் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. அதைக் கேட்கக் கூடாது என்று அந்த வீட்டில் எட்டு வருஷமாகச் சட்டம். போட்டவள் அம்மா நீலாம்பாள். அப்பாவிடம் வேறு எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே, அந்த மனுஷன் உடைந்துபோய்விடுவார் என்று மகளின் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தாள். ஸ்வர்ணமும் கேட்கவில்லை. பி.ஏ. முடித்தாள். குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். எர்ணாகுளம் கலூரில் ஒரு டுடோரியலில் இங்கிலீஷ் எடுத்தாள். வாய்த்துடுக்கு என்று பஜார் முழுக்கப் பெயர் வாங்கினாள். இதை மட்டும் கேட்கவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்குக் கிடங்குக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவே இரண்டு ஆள் அகலத்தில் வெங்கிடாசலத்தின் கடை. வாடகைக்குச் சண்டைப் புத்தகம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் மாலுமிகள் படித்துவிட்டுப் போடுகிற கையடக்கப் படக்கதைகளை, கப்பலுக்குப் படகில் காய்கறி ஏற்றிப் போகிற சிகாபுதீன் சாக்கில் அள்ளிக்கொண்டு வருவார். அட்டையில் முகத்தில் கரி பூசிய கமாண்டோ, பல்லிடுக்கில் கத்தி. உள்ளே முழுக்க ஜெர்மானியரோடும் ஜப்பானியரோடும் யுத்தம். எடுத்துக்கொண்டு போன பையன்கள் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். அதற்கு வெங்கிடாசலம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசித் தாளைக் கிழித்து, பென்சிலால் நம்பர் போட்டு, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துவிடுவார். முடிவு தெரிய வேண்டுமானால் புத்தகத்தோடு கடைக்கு வர வேண்டும். நின்றபடியே படிக்க வேண்டும். படித்து முடித்ததும் அவர் கையை நீட்டுவார், தாளைக் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். பதினைந்து வருஷத்தில் ஒரு கடைசித் தாளும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

கதையில் பேசுவது இங்கிலீஷ். பையன்களுக்கோ வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ்ப் பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து வராது. கான்வென்டில் படித்த ஸ்வர்ணம் பத்து வயதில் ஒரு அகராதியை வைத்துக்கொண்டு, படங்களில் இருக்கும் பேச்சையெல்லாம் மலையாளத்தில் சின்னச் சின்னச் சீட்டுகளாக எழுதிக் கொடுத்தாள். அப்பா பசை தடவி ஒட்டினார். கடை பிடித்துக்கொண்டது.

அதில் ஒரு சிக்கல் வந்தது. அந்தக் கதைகளில் கமாண்டோக்கள் பயந்தார்கள். விமானத்திலிருந்து குதிக்கும் முன் ஒருவன் வாந்தி எடுத்தான். ஒருவன் தன் சார்ஜென்டிடம் கை நடுங்குகிறது என்று சொன்னான். ஸ்வர்ணம் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். வாசிக்கச் சொல்லிக் கேட்ட வெங்கிடாசலம் முகத்தைச் சுளித்தார்.

"பேடிப் பட்டாளத்தை எவன் காசு கொடுத்துப் படிப்பான்? 'நான் ரெடி சார்'னு மாத்து."

மாற்றினாள். அதற்கப்புறம் யாரும் சொல்லாமல் தானாகவே மாற்றினாள். இரண்டு வருஷத்தில் கடையிலிருந்த முந்நூறு புத்தகத்திலும் பயந்த கமாண்டோ ஒருவன்கூட மிஞ்சவில்லை.

அந்த முந்நூறையும் வரி விடாமல் படித்தவன் அவளுடைய அண்ணன் நீலகண்டன். பத்தாம் வகுப்பில் இரண்டு தரம் தோற்றுவிட்டு அறுபத்தெட்டில் பட்டாளத்தில் சேர்ந்தான். கமாண்டோவுக்கு ஆள் கேட்டபோது முதலில் தூக்கிய கை அவனுடையதாம். ஒரு தடவை லீவில் வந்தவன், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நம்ம புஸ்தகத்துல இருக்கற மாதிரி அங்க ஒருத்தனும் இல்லடி" என்றான். அவள் தலையை நிமிர்த்தாமலே சிரித்தாள். இன்னும் ஏதோ சொல்ல இருப்பவன் போலக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனான். அவளுக்கு மறுநாள் பூகோளம்.

எழுபத்தொன்று டிசம்பரில் யுத்தம் வந்தது. தந்தி வந்தது. ஜனவரியில் அவனுடைய மேஜர் கைப்பட எழுதிய இங்கிலீஷ் கடிதம் வந்தது, இரண்டு தாள். கடைப் பலகையில் உட்கார்ந்து, தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தாள் பதினாறு வயது ஸ்வர்ணம். ராத்திரியில் ஜீப்புகளில் பாலைவனத்தைத் தாண்டிப் போனதும், திரும்புகிற வழியில் கண்ணிவெடி வெடித்ததும் முதல் தாளில் இருந்தன. அதன் கடைசி வரி, 'அவன் உடனே இறந்துவிடவில்லை' என்று முடிந்தது. அவள் இரண்டாவது தாளைப் பிரிப்பதற்குள் அப்பா அதைக் கையிலிருந்து உருவிக்கொண்டார். "மதி மோளே, போதும்" என்றார். பிஸ்கட் டின்னைத் திறந்து மற்ற கடைசித் தாள்களோடு போட்டு மூடினார். வேறு எங்கே வைப்பார்? அவர் கை அப்படித்தான் பழகியிருந்தது.

பிறகு அவராகவே ஒரு முடிவைச் சொல்ல ஆரம்பித்தார். நீலகண்டன் தன்னந்தனியாக ஒரு பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு செத்தான். மாலை போட்ட போட்டோவுக்குக் கீழே பையன்கள் வாய் பிளந்து கேட்டார்கள். அந்தப் பாலம் எந்தப் புத்தகத்துப் பாலம் என்று ஸ்வர்ணத்துக்குத் தெரியும். சீட்டு எழுதியவளே அவள்தானே. பாலைவனத்தில் ஆறு ஏது, பாலம் ஏது என்று ஒரு நாள் அம்மாவிடம் கத்தினாள். சட்டம் அன்றைக்குத்தான் வந்தது.

டின்னுக்குப் பூட்டு கிடையாது. எட்டு வருஷமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாயா குடித்திருக்கிறாள். அப்பா சாப்பிடப் போகும்போது கடையைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அண்ணன் ஓடிப் போனானோ, யாரையாவது காட்டிக் கொடுத்தானோ, அப்பா எதை ஒளிக்கிறார் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் மூடியைத் திறக்கவில்லை. பஜாரில் பாதி ஆண்களைப் பார்த்து முதுகெலும்பு இல்லாதவன் என்று திட்டுகிற பெண், ஒரு பிஸ்கட் டின்னைத் தொடப் பயந்தாள்.

போன வாரம் எர்ணாகுளத்திலிருந்து ஒரு அச்சகக்காரர் வந்தார். சண்டைப் படக்கதைகளை மலையாளத்தில் போடப் போகிறாராம், சீட்டு எழுதுகிற பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். முதல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். வெங்கிடாசலம் அதைச் சிகாபுதீனிலிருந்து தபால்காரர் வரை சொல்லித் தீர்த்தார். நேற்று அதில் ஒரு பக்கம். வயிற்றில் குண்டு பட்ட சின்னப் பையன் ஒருவன் நண்பனிடம், பயமாக இருக்கிறது, என்னை விட்டுப் போகாதே என்கிறான். ஸ்வர்ணம் எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்த்தாள். 'நான் ரெடி சார்.'

விடிந்ததும் கடைக்கு வந்துவிட்டாள்.

"எந்தத் தாள்?" என்றார் வெங்கிடாசலம்.

"டின்ல இருக்கறது. மேஜர் எழுதினது."

"அம்மா சொல்லலையா உங்கிட்ட?"

"சொன்னாங்க. இருந்தாலும் கேக்கறேன்."

அவர் என்னென்னவோ சொன்னார். போனவன் போய்விட்டான், தாளைப் படித்தால் எழுந்து வருவானா என்றார். அச்சகக்காரர் நாளைக்கு வருகிற நேரத்தில் இது தேவையா என்றார். காலேஜுக்கு அனுப்பியது தன் தப்பு என்றுகூடச் சொன்னார். அவள் அசையவில்லை.

"அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுதானே மூடி வெச்சிருக்கீங்க? யார்கிட்ட குடுத்துப் படிச்சுக் கேட்டீங்க?"

வெங்கிடாசலம் பசைக் கையை வேட்டியில் துடைத்தார். "யார்கிட்ட குடுக்கறது? இந்த வீட்டுல இங்கிலீஷ் அறியறவ நீ ஒருத்திதானே."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் எதையும் ஒளிக்கவில்லை. அவருக்கு எதுவுமே தெரியாது. யாரும் படிக்காத ஒரு தாளைச் சுற்றி மூன்று பேர் எட்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவளே டின்னைத் திறந்தாள். தேடி எடுத்தாள். வாடிக்கைப் பையன்கள் நிற்கிற இடத்தில் நின்று முதலில் மனசுக்குள் படித்தாள். பிறகு சத்தமாக, தமிழில் சொன்னாள். இந்தத் தடவை ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை.

நீலகண்டன் விடியும்வரை உயிரோடு இருந்தான். வலியைவிடப் பயம்தான் அவனுக்கு அதிகமாக இருந்தது. தனியாக விட்டுவிடாதே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிச்சைமணி என்கிற சிப்பாய், தமிழ்க்காரன், திரும்பிப் போகச் சொல்லி மேஜரான நானே உத்தரவு போட்டும் போகாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடலைத் தூக்கிக்கொண்டு வரும்போது இன்னொரு வெடியில் பிச்சைமணிக்கு இரண்டு காலும் போய்விட்டன. இப்போது பூனாவில் பட்டாள ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உங்கள் மகனை வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தானாம். நீங்கள் தன்னைக் குற்றம் சொல்வீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்படி இல்லை என்று ஒரு வரி, யாரைக் கொண்டாவது எழுதிப் போடுங்கள். அவன் தினமும் தபால் வந்ததா என்று கேட்கிறான்.

வெளியே கைவண்டியில் மிளகு மூட்டை போயிற்று. வெங்கிடாசலம் பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"பயந்தானா அவன்?"

"பயந்தான்பா. பக்கத்துல ஆள் இருந்தது."

அவர் போட்டோவைப் பார்க்கவில்லை. ஒட்டாமல் கிடந்த சீட்டுகளைப் பார்த்தார். "ஒரு கார்டு எழுது. இப்பவே எழுது, நான் கையெழுத்துப் போடறேன்."

"எட்டு வருஷம் கழிச்சு ஒரு கார்டாப்பா?"

"எனக்குத் தெரியாதே மோளே."

அது நிஜம். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரியும், எட்டு வருஷமாகத் தெரியும். பிச்சைமணி இன்னும் பூனாவிலேயே இருக்கிறானோ, எங்கே போனானோ, உயிரோடு இருக்கிறானோ இல்லையோ. அவள் போய் அங்கிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். யாரிடமும் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. திரைக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நீலாம்பாள் வெளியே வந்தாள். ஆலுவாவில் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது எடுக்கிற பை அவள் கையில் இருந்தது. உள்ளே மகளுக்கு இரண்டு சேலை மடித்து வைத்திருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்காளான்னு கேளு" என்றாள்.

ஸ்வர்ணம் பையை வாங்கிக்கொண்டாள். அச்சகக்காரரின் புத்தகத்தைப் பலகையில் வைத்தாள். "அவர் வந்தா சொல்லுங்கப்பா. பயந்தவனைப் பயந்தான்னு போடறதா இருந்தா வந்து எழுதறேன். இல்லேன்னா வேற ஆளைப் பாக்கட்டும்."

தாளை மடித்தாள். வெங்கிடாசலத்தின் கை, படித்து முடித்த யாரிடமும் நீள்வதுபோலத் தானாக நீண்டது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். மெதுவாக மடக்கிக்கொண்டார்.

அவள் தாளைப் பைக்குள் வைத்து, படி இறங்கி, எர்ணாகுளம் போய் ரயில் பிடிக்கப் படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.