படிவத்தில் இல்லாத மணிக்கட்டு

1

எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். நான் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தர். இதுவரை நான் இயற்றிய வாக்கியங்கள் யாவும் "மேற்காண் பொருள் தொடர்பாக" என்று தொடங்கியவை. ஆயினும் இன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "வெள்ளுடை தரித்த தேவதையாம் என் அண்ணி, அவசர சிகிச்சைப் பிரிவில்…"

(கைவிட்டேன். தேவதைகளுக்கு எலும்பில் விரிசல் விடாது. இப்படி எழுதினால், "பிறகு காவலாளி எதற்கு?" என்று கேட்டுவிடுவார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "அக்கொடியவன் சலைன் மாட்டும் கம்பியை ஓங்கி…"

(இதை அண்ணியே கோடிட்டு அடித்துவிட்டார். காரணம் பின்னர்.)

மூன்றாவதாக, நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

3

எங்கள் மருத்துவமனையில் பணியாளர் எவரேனும் தாக்கப்பட்டால், அவரே ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அவற்றைத் தொகுப்பவன் அடியேன். சென்ற மாதம் நான் அளித்த ஆண்டுத் தொகுப்பு: "சம்பவங்கள் பதினான்கு. காயமடைந்த பணியாளர் எவருமிலர்." ஒவ்வொரு படிவத்திலும் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்து எண்ணினேன். எல்லாவற்றிலும் "நலம்" என்றிருந்தது.

அவசரப் பிரிவுக்குத் தாழிடும் கதவு, காவலாளி, மனநல ஆலோசகர் ஆகிய மூன்றும் வேண்டுமெனச் செவிலியர்கள் மனுக் கொடுத்திருந்தனர். என் தொகுப்பை நம்பி, அதைத் தள்ளுபடி செய்யும் எண்ணத்துடன் பாதுகாப்புக் குழு இன்று மூன்று மணிக்குக் கூடவிருந்தது.

நண்பகலில் படிவங்களைக் கோப்பில் சேர்க்கும்போது, அப்பிரிவில் செவிலியராக உள்ள என் அண்ணியின் கையெழுத்தைக் கண்டேன். அவர் தாக்கப்பட்டதே அப்போதுதான் எனக்குத் தெரியும். "பணியாளரின் வயது: எழுபத்தொன்று." அண்ணிக்கு முப்பத்தெட்டு! "பணியாளரின் காயம்: நெற்றியில் நான்கு தையல். நாடி சீர். நலம்." அண்ணியின் நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த படிவம். பணியாளரின் வயது: ஆறு. ஆறு வயதில் எந்தச் செவிலியர் பணியில் சேர்ந்தார்! அடுத்தது, எண்பத்து மூன்று. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். பதினான்கு பேரும், அடிபட்டவர் தாமாக இருக்க, கைப்பழக்கத்தில் தம் பொறுப்பிலிருந்த நோயாளியையே எழுதி வைத்திருக்கிறார்கள்!

4

படிவத்தைத் திருத்தும் உரிமை, எழுதியவருக்கு மட்டுமே உண்டு. அள்ளிக்கொண்டு ஓடினேன். (விரைந்து நடந்தேன் என்பதே சரி. "தாழ்வாரத்தில் ஓடாதீர்" என்று எழுதி ஒட்டியவன் நானே.)

ஓய்வறையில் அண்ணி வலக்கையில் கட்டுடன், இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கொழுந்தனாரே, இப்படி மூச்சு வாங்குது? ஃபைலுக்கெல்லாம் கால் முளைச்சுடுச்சா?"

"அண்ணி, உங்க வயசு எழுபத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டதுலேர்ந்து அப்படித்தான் இருக்கு."

உடனிருந்த செவிலியர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"கைக்கட்டைப் பத்திக் கேட்டப்போ, குளியலறையில வழுக்கிடுச்சுன்னு சொன்னீங்களே?"

"வேற என்ன சொல்றது? தெரிஞ்சா உங்கண்ணன் வேலையை விடுன்னுதான் சொல்வார்." கரண்டியை வைத்தார். "அவர் சொல்லவே வேணாம். லெட்டர் எழுதிப் பையில வெச்சிருக்கேன். இன்னைக்கு மனுவைத் தள்ளிட்டாங்கன்னா நேரா கொண்டுபோய்க் குடுத்துடுவேன். காலையில அந்த வாசலைப் பாத்தாலே நெஞ்சு படபடங்குது, தம்பி."

"அதை எழுதுங்கண்ணி!"

புதிய படிவத்தில் எழுதத் தொடங்கினார்: "தையல் போடுகையில் நோயாளியின் தலையைப் பிடித்திருந்தபோது, நோயாளிக்கு…"

"அண்ணி! மறுபடியும் நோயாளி!"

"ஐயையோ!" பேனாவை மேசையில் போட்டார். "என்னைப் பத்தி எழுதவே வரல, தம்பி. நான் என்ன பண்ணட்டும்?"

எங்கிருந்து துணிவு வந்ததோ அறியேன். பேனாவை எடுத்துக்கொண்டு அவர் எதிரே அமர்ந்தேன்.

"வயசு?"

"விளையாடாதீங்க."

"வயசு சொல்லுங்கம்மா."

"…முப்பத்தெட்டு."

"எங்க வலிக்குது?"

"வலது மணிக்கட்டு."

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு?"

"எட்டு."

"எத்தனை நாளா?"

"ஒன்பது வாரமா."

"தூக்கம் எப்படி?"

கரண்டியைத் தட்டின் ஓரமாகத் திருப்பி வைத்தார். மீண்டும் கேட்டேன்.

"வரல. கண்ணை மூடினா அந்தக் கம்பி சுத்திக்கிட்டு வருது." அழுதார். அழுதபடியே, "வேகமா எழுதுங்க, மணி ஒண்ணாகப் போகுது" என்று அதட்டினார்.

அதன்பின் நடந்ததை என்னால் நிதானமாக எழுத இயலவில்லை! செவிலியர்கள் இருவர் இருவராக அமர்ந்தார்கள். ஒருவர் கேட்டார், மற்றவர் நோயாளியானார். "பொய் சொல்லாதடி, உன் காது கேக்கலைன்னு எனக்குத் தெரியாதா?" என்றது ஒரு குரல். வேலையை விட்டுச் சென்றவர்களையும் தொலைபேசியில் அழைத்து வரவழைத்தோம். இரண்டு ஐம்பதுக்குப் பதினான்கு படிவங்களும் கையெழுத்தாகிக் குழுவின் மேசைக்குச் சென்றன.

5

கம்பியை வீசியவரைப் பற்றி: அவர் அந்த எழுபத்தொரு வயது நோயாளியின் மகன். அவரைக் கொடியவன் என்று எழுதியதை அண்ணி ஏற்கவில்லை. "அப்பா நெத்தியில ரத்தத்தைப் பாத்துப் பயந்துட்டார், பாவம். அதுக்காக என் கை என்ன பண்ணுச்சு? ரெண்டையும் எழுதுங்க." எழுதிவிட்டேன்.

முடிவு அ: குழுத் தலைவர் கண்கலங்கி எழுந்து நிற்கிறார். (நம்பத்தக்கதன்று. அவருக்கு முழங்கால் வலி, எதற்கும் எழ மாட்டார்.)

முடிவு ஆ: அண்ணி கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தையற்கடை வைக்கிறார். (அண்ணி எட்டிப் படித்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு" என்றார். அஞ்சி அடித்துவிட்டேன்.)

முடிவு இ: இப்போது மணி மூன்று பத்து. கதவு சாத்தியிருக்கிறது. வெளியே பலகையில் அண்ணியும் நானும். அவர் மடியில் பை. உள்ளே

(இவ்வாக்கியத்தை என்னால் முடிக்க இயலாது. தாங்களும் அக்குழுவில் ஒருவராக உள்ளே அமர்ந்திருப்பதாகப் பணிவுடன் கருதிக்கொள்கிறேன். முடிவு தங்களுடையது. திருத்திய தொகுப்பு கீழே.)

சம்பவங்கள்: பதினான்கு.
காயமடைந்த பணியாளர்: பதினால்வர்.
உடைந்த பல்: ஒன்று.
ஒரு காதின் கேட்கும் திறன்: பாதி.
விரிசல் கண்ட மணிக்கட்டு: ஒன்று.
உறக்கம் இழந்தோர்: பன்னிருவர்.
பணியை விட்டோர்: மூவர், மூன்று மணி பத்து நிமிட நிலவரப்படி.