கூப்பிடாத டாக்டர்

கேரளத்துச் சித்தூர் கடைவீதியில் பள்ளிச் சீருடை விற்கும் ஃபிரோஸ், எதையும் முதல் பேச்சில் ஒப்புக்கொள்ளாத வம்சம். "வேண்டாம், விடுங்க" என்று எழுந்து செருப்பை மாட்ட வேண்டும். வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். அவன் அத்தா அப்படித்தான் சரக்கு எடுத்தார். அவனிடம் வாங்க வருகிறவர்களும் அவனை அப்படித்தான் படுத்துகிறார்கள். அன்று காலை டாக்டர் சித்ராவிடமும் அதையே செய்துவிட்டு, பாலக்காட்டு ஆஸ்பத்திரியின் கேண்டீனில் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தான். போன் சும்மா கிடந்தது.

மகள் பிறந்து நாலு நாள். வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானத்தில் இடது பக்கம் பிறவியிலேயே ஓட்டை. குடல் அதன் வழியாக மேலேறி நுரையீரலின் இடத்தில் குடியேறிவிட்டது. மூச்சை மெஷின் விட்டுக்கொண்டிருந்தது. நாளை குடலைக் கீழே இறக்கி ஓட்டையை அடைக்க வேண்டும். எதை வைத்து அடைப்பது என்பதுதான் பேச்சு.

வழக்கமான செயற்கை ஒட்டு ஒன்று இருந்தது. பல வருஷம் போட்டுப் பழகியது. ஆனால் பிள்ளை வளரும், ஒட்டு வளராது. ஓரம் விட்டுப்போனால் மறுபடி கத்தி வைக்க வேண்டும். இன்னொன்று ஆராய்ச்சியில் இருப்பது. அவன் மனைவி அன்சிலாவின் ஆறாம் மாதத்துப் பனிக்குட நீரிலிருந்து எடுத்த செல்களை மெல்லிய சவ்வின் மேல் விதைத்து, லேபில் வளர்த்து வைத்திருந்தார்கள். பிள்ளையோடு சேர்ந்து அதுவும் வளரும் என்று நம்பிக்கை. இதுவரை ஒன்பது பிள்ளைகளுக்குத்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு விட்டுப்போனது.

ஃபிரோஸுக்கு இரண்டாவதுதான் வேண்டும். அதனால்தான் காலையில் டாக்டர் முன்னால் முகத்தைச் சுளித்தான்.

"விட்டுப்போகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர்."

"எனக்கே தெரியாததை எப்படிங்க சொல்றது?"

"என் கடையில டவுசருக்கே சாயம் போகாதுன்னு சொல்லித்தாங்க குடுக்கறேன்."

"போகாதா?"

"போகுங்க. சொல்றதுல என்ன?"

டாக்டர் லேசாகச் சிரித்தார். வார்த்தை மட்டும் வரவில்லை. அவன் எழுந்தான். "அப்ப வேண்டாங்க. சாதா ஒட்டே போடுங்க."

"சரிங்க."

கதவு வரை மெதுவாக நடந்தான். லிப்ட் வந்தும் ஏறாமல் நின்று, அடுத்த லிப்டுக்குக் காத்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை.

கேண்டீனில் எதிரே உட்கார்ந்திருந்தவர், மடியிலிருந்த பெண் குழந்தைக்குப் பழம்பொரியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஏலப்பாறை எஸ்டேட்டில் வேலை, பெயர் ஆசீர்வாதம், மகளைச் செக்கப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார். பேச்சுக் கொடுத்ததில், அந்த ஒன்பதில் ஒன்று இந்தக் குழந்தை என்று தெரிந்தது.

"எப்படி இருக்காளுங்க?"

"இப்ப வரைக்கும் நல்லாத்தான் இருக்கா. இருமுனா மட்டும் நானும் எம் பொண்டாட்டி பிலோமியும் எந்திச்சு உக்காந்துருவோம். நீங்க கையெழுத்துப் போட்டாச்சாண்ணே?"

"வேண்டாம்னுட்டு வந்தேங்க. கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருக்கேன்."

ஆசீர்வாதம் பழம்பொரியைத் தட்டில் வைத்தார். "எதுக்குண்ணே கூப்பிடுவாங்க? வேண்டாம்னவங்கள மறுபடி கேக்கக் கூடாதுன்னு அவங்களுக்குச் சட்டம். வற்புறுத்துன மாதிரி ஆயிருமாம். அந்தப் பேப்பர்லயே போட்டிருந்துச்சே."

பதினாலு பக்கப் பேப்பர். ஃபிரோஸ் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் படித்திருந்தான்.

"வேண்டாத ஒட்ட என்ன பண்ணுவாங்க?"

"வேற பிள்ளைக்கு ஆகாதுல்ல. கொட்டிருவாங்க."

நாலு மாடியை அவன் படியிலேயே ஏறினான். டாக்டர் அறை பூட்டியிருந்தது. ரவுண்ட்ஸ் போயிருக்கிறார் என்றார்கள், எந்த வார்டு என்று தெரியவில்லை. இரண்டு வார்டில் எட்டிப் பார்த்துவிட்டு, அன்சிலாவின் கட்டிலுக்கு வந்தபோது அவனுக்கு வியர்த்து வழிந்தது.

"வேண்டாம்னியா?" என்றாள் எல்லாம் கேட்டுவிட்டு. மரியாதை ஒரு கணம் காணாமல் போயிருந்தது. "நெசமாவா, சும்மாவா?"

"சும்மாதான்."

"எங்கூட்ல பொண்ணு கேக்க வந்தப்பவும் இப்படித்தான எந்திரிச்சுப் போனீங்க. எங்கத்தா யாவாரி, கூப்பிட்டாரு. அந்தம்மா படிச்சவங்க." தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நடங்க."

குழந்தைகள் ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் அகப்பட்டார். அவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"யாராவது உங்களைத் திரும்பி வரச் சொன்னாங்களா?"

"இல்லைங்க. நீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்தேன்."

"நான் கூப்பிடக் கூடாது."

"இப்பத்தாங்க தெரிஞ்சுது."

"காலையில சொன்னதுதான் இப்பவும் சொல்றேன். விட்டுப்போகலாம்."

ஃபிரோஸ் வாயைத் திறந்தான். அன்சிலா முந்திக்கொண்டாள். "போகட்டுங்க. போனா அப்பப் பாத்துக்கலாம். அதப் போடுங்க."

டாக்டர் லேபைக் கூப்பிட்டார். மறுமுனையில் யாரோ தேடப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் ஃபிரோஸ் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையை மூன்று தடவை படித்தான்.

"வளக்கற பெட்டியிலேர்ந்து எடுத்து வெளிய வெச்சிருக்காங்க, இன்னும் கொட்டலை," என்றார் டாக்டர். "திரும்ப உள்ள வெக்கச் சொல்லிட்டேன். கெட்டிருக்கான்னு சாயந்தரம் பாத்துட்டுத்தான் சொல்வாங்க."

கையெழுத்தை அன்சிலா முதலில் போட்டாள். அவன் பதினாலு பக்கத்தையும் நின்றபடியே படித்துவிட்டுப் போட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் குழி விழுந்த வயிறும், ஒரு பக்கம் தூக்கிய நெஞ்சும் மெஷினோடு ஏறி இறங்கின. நர்ஸ் அவனை உட்காரச் சொன்னாள். உட்கார முடியவில்லை.

"சாயந்தரம்னா எத்தனை மணிங்க?"

"ஆறு."

"அஞ்சரைக்குச் சொல்ல முடியாதுங்களா?"

"ஆறு," என்றாள் நர்ஸ்.

அன்சிலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.